மாடி அறைக்கு இணைப்பு இல்லை

தம்பி வந்து இறங்கிய அன்று மத்தியானம்தான் அவளுடைய பிரவுசர் முதல் தடவையாகச் செத்தது.

வாடகைக் கார் வாசலில் நின்ற சத்தம் கேட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள். தம்பி சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவன். அத்தை இறந்த செய்தி போனபோது நடுக்கடலில் இருந்தான். கரை இறங்கி, விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வந்த உறவுக்காரர்களும் அவரவர் பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே வந்தவன் தோள்பையைக்கூட இறக்காமல் மாடிப்படியைப் பார்த்தபடி நின்றான்.

"கஷ்டப்பட்டாங்களா அக்கா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"கூப்பிடக்கூட இல்லையா?"

"கூப்பிட்டிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா? கீழதான இருந்தேன்."

அவன் தலையாட்டினான். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பெற்றவர்கள் இல்லாத இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாக வளர்த்தவர் அத்தை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டவர். கடைசி நேரத்தில் அவர் தவிக்கவில்லை, யாரையும் தேடவில்லை என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவன் அத்தனை தூரம் வந்திருந்தான். கேட்டுவிட்டான். அவனுக்குக் காபி போட அவள் சமையலறைக்குப் போனாள். டப்பாவிலிருந்து சர்க்கரை எடுக்கும்போது பாதி மேடையில் சிந்தியது.

அவள் சொன்னது பொய்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் உதவி மையம். பிரவுசர் திறக்கவில்லை, திறந்தால் தானே மூடிக்கொள்கிறது, பக்கம் வராமல் சக்கரம் சுற்றுகிறது என்று ஊர் உலகமெல்லாம் புலம்பும்போது மறுமுனையில் கோபப்படாமல் பேசும் குரல் அவளுடையது. சக ஊழியர்கள் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பிரவுசரும் அவளிடம் வந்து பிழைக்காமல் போனதில்லை என்று ஒரு பேச்சு.

பக்கவாதத்தில் அத்தைக்குப் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, அவர் கீழே இருப்பவளைக் கூப்பிட ஓர் ஏற்பாட்டைச் செய்ததும் அவள்தான். அத்தையின் டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்தால் ஒரே ஒரு பக்கம்தான் வரும். அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். மாடியில் படுத்தபடி அத்தை இடது கை விரலால் அதைத் தொட்டால் கீழே அவள் கணினியில் மணி அடித்துச் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் அத்தை தெரிவார். தண்ணீருக்கு அழுத்துவார். ஃபேனைக் குறைக்கச் சொல்லி அழுத்துவார். சில நேரம் எதற்குமே இல்லாமல் அழுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். முதல் மாதம் அவளும் பதிலுக்குச் சிரித்தாள்.

பிறகு மேலாளர் பேசினார். அழைப்புகளுக்கு நடுவே மணிச் சத்தம் கேட்கிறது, வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல வைக்காதீர்கள் என்பது அதில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மணியின் ஒலியைக் குறைத்திருப்பார்கள். அவள் தொழில் தெரிந்தவள் அல்லவா? தொல்லை கொடுக்கும் கருவி ஒன்று வீட்டு வைஃபையில் இருந்தால் என்ன செய்வது என்று தினமும் ஊருக்குப் பாடம் எடுப்பவள். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, அத்தையின் டேபைத் தேர்ந்தெடுத்து, 'தடை செய்' என்பதை அழுத்தினாள். சாப்பாட்டு இடைவேளையில் தடையை எடுப்பாள், வேலைக்கு உட்காரும்போது மறுபடி போடுவாள். கொசு வராமல் ஜன்னலைச் சாத்துவது போலச் சாதாரணமாக ஆகிவிட்டது.

அத்தை இறந்த அன்றைக்கு வேறோர் ஊர் முழுக்க இணைப்பு அறுந்து அழைப்புகள் குவிந்துவிட்டன. சாப்பாட்டுக்கு அவள் எழவில்லை, தடையை எடுக்கவும் இல்லை. சாயங்காலம் மாடிக்குப் போனபோது அத்தை சில்லிட்டுப் போயிருந்தார். நெஞ்சின் மேல் டேப் கிடந்தது. திரையில் 'இணைக்க முடியவில்லை. மீண்டும் முயல்க' என்று இருந்தது. 'மீண்டும் முயல்க' இருந்த இடத்தில் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. கைகால் வலிக்குத் தடவும் தைலத்தின் பிசுக்கோடு, விரல் தடத்தின் மேல் விரல் தடமாக, எழுத்தே தெரியாத அளவுக்கு.

அவள் முதலில் அத்தையைத் தொடவில்லை. டேபை எடுத்துத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

அதன் பிறகுதான் அழுதாள். அழுகை உண்மையானதுதான். ஆனால் எது முதலில், எது பிறகு என்பது அவளுக்குத் தெரியும். அது தெரிந்துகொண்டு ஒரு மனுஷி எப்படி நிமிர்ந்து நடப்பது?

தம்பி காபி குடித்துவிட்டுக் குளிக்கப் போனான். அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண், தன் பிரவுசர் திறந்த உடனே மூடிக்கொள்கிறது என்றாள். கவலைப்படாதீர்கள், முதலில் பழைய பக்கங்களின் சேமிப்பை, கேச்சை, அழிப்போம் என்று இவள் ஆரம்பித்தாள். அப்போது இவளுடைய கணினியில் மணி அடிக்கத் தொடங்கியது. முழுதாக அடிக்கவில்லை. வாயைப் பொத்தியது போலப் பாதியில் நின்றது. உடனே பிரவுசர் மொத்தமாக மறைந்துபோனது.

மறுபடி திறந்தாள். 'பிரவுசர் எதிர்பாராமல் மூடிவிட்டது. திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?' என்று கேட்டது. மீட்பதற்கு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அத்தையின் அழைப்புப் பக்கம். காரியமெல்லாம் முடிந்த மறுநாளே அதை அவள் தன் கையால் அழித்திருந்தாள்.

ஊருக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் தனக்கே செய்துகொண்டாள். கேச் அழித்தாள். எக்ஸ்டென்ஷன்களை எடுத்தாள். பிரவுசரையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். அது சரிப்படாமல் வேறொரு பிரவுசரை இறக்கினாள். அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து மாற்றுக் கணினியே வந்தது. எதில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு எங்கிருந்தோ தைல வாசனை வரும்.

மணி பாதி அடிக்கும்.

எல்லாம் மூடிக்கொள்ளும்.

ரூட்டரின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தாள். தடை அப்படியே இருந்தது. கருவியின் பெயருக்குக் கீழே 'கடைசி முயற்சி: இப்போது' என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டது. மறுபடியும் 'இப்போது'.

தம்பி கடைக்குப் போயிருந்த நேரத்தில் மாடிக்குப் போனாள். பட்டப்பகல்தான், ஆனாலும் திரைச்சீலை மூடிய அறையில் கட்டிலும் அலமாரியும் ஒரே இருட்டாகத் தெரிந்தன. மெத்தைமேல் போர்வை அவள் மடித்து வைத்தபடியே இருந்தது. அலமாரியைத் திறந்து துணிகளுக்கு அடியிலிருந்து டேபை எடுத்தாள். சார்ஜ் தீர்ந்து என்றைக்கோ அணைந்துபோனது. பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்தும் உயிர் வரவில்லை. வெளிச்சத்துக்காகத் திரையைச் சாய்த்தாள்.

கண்ணாடியில் அதே இடம் மங்கியிருந்தது.

விரலால் தொட்டாள். ஒட்டியது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கீழே வாசல் கதவு திறக்கும் சத்தமும், "அக்கா" என்று தம்பியின் குரலும் கேட்டன. அவள் என்ன செய்தாள் தெரியுமா? மறுபடி சட்டைக் கையை இழுத்துத் துடைத்தாள். பயத்தைவிட வெட்கம் முந்திக்கொண்டது. துடைத்து, துணிக்கு அடியில் சொருகி, அலமாரியைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் படியிறங்கி வந்தாள்.

தடையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. எடுத்தால் இணைப்புக் கிடைக்கும். கிடைத்தால் மணி முழுதாக அடிக்கும், ஜன்னல் திறக்கும். அதில் தெரியப்போகும் முகத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது? அதனால் தடை இருந்தபடியே இருந்தது.

மேலாளர் பொறுமையிழந்தார். அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் இவள் கணினிக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து பார்ப்பார் என்று ஏற்பாடாகிவிட்டது. வந்தவர் அலுவலகத்தில் 'வாத்தியார்' என்று பெயரெடுத்தவர். எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகத்தான் செய்வார். ஒரு படியைத் தாண்டச் சொன்னால் அவருக்குத் தூக்கமே வராது. இவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

பிற்பகலில் மழை கட்டிக்கொண்டு நின்றது. விளக்குப் போட்டும் அறை மங்கலாகத்தான் இருந்தது. வாத்தியாரின் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் தம்பி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். இயந்திரக்காரன் ஆயிற்றே, எது பழுதானாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. போய்ப் படுடா என்றாள். தூக்கம் வரவில்லை என்றான். குடிக்க ஏதாவது எடுத்து வா என்றாள். தாகமில்லை என்றான்.

திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது.

"என்ன டாக்டரம்மா, கடைசியில உங்களுக்கே காய்ச்சலா?" என்று சிரித்துவிட்டு வாத்தியார் வேலையில் இறங்கினார். கேச் பார்த்தார். எக்ஸ்டென்ஷன் பார்த்தார். புதுப் பயனராக நுழைந்து பார்த்தார். ஒவ்வொன்றாகச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனார். அவளுக்கு அந்த வரிசை மனப்பாடம். நேரம், தேதி. வைரஸ் சோதனை. நெட்வொர்க் அமைப்பு. அதற்கு அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் யாரோ ஒருவர் நிதானமாக ஏறி வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

ரூட்டரை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், அதில் ஒன்றுமில்லை என்று முந்திக்கொண்டு சொன்னாள். வாத்தியார், இருக்கட்டும், நானும் ஒரு கண் பார்த்துவிடுகிறேன் என்றார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றாள். பிரவுசரே சேமித்து வைத்திருக்கிறதே என்றார்.

தைல வாசனை வந்தது.

தம்பி மூக்கை உறிஞ்சினான். சுற்றிலும் பார்த்தான்.

ரூட்டரின் பக்கம் திறந்தது. அம்புக்குறி மேலிருந்து கீழே மெதுவாக இறங்கி வந்து, தடை செய்த கருவிகள் என்ற இடத்தில் நின்றது. அங்கே ஒரே ஒரு கருவிதான் இருந்தது. வீட்டிலிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கும் பழக்கம் அவளுக்கு. அதற்கும் வைத்திருந்தாள்.

அத்தை.

கடைசி முயற்சி: இப்போது.

தம்பி அதைப் படித்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான் என்பது அவன் உதடு அசைந்ததில் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"அத்தைய எதுக்குக்கா பிளாக் பண்ணியிருக்க?" என்று கேட்டான். சத்தமே இல்லாமல் கேட்டான்.

"வேலை நேரத்துல மட்டும்தான்டா. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"அன்னிக்கும் பிளாக்கா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்போ கூப்பிடலன்னு எப்படி சொன்ன?"

பதில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. சொன்னால் நம்பக்கூடியவன்தான். அவள் வாய் ஏனோ அந்த ஆயிரத்தையும் விட்டுவிட்டது.

"கூப்பிட்டிருக்காங்கடா. ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்காங்க. கண்ணாடி முழுக்க அவங்க விரல் தடம்தான். யாரும் பாக்கறதுக்குள்ள நான் தொடச்சிட்டேன்."

தம்பி அவளைத் திட்டவில்லை. நாற்காலியைக் கொஞ்சம், ஒரு சாண் அளவு, அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். அந்த ஒரு சாணை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

ஸ்பீக்கரில் வாத்தியார் தொண்டையைச் செருமினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுப் பேச்சு காதில் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தத் தடையால்தான் பிரவுசர் திணறுகிறது, எடுத்துவிடட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். நீங்கள் விடுங்கள் என்று சொல்லி மவுஸை அவள் தன் கையில் வாங்கிக்கொண்டாள். 'தடையை நீக்கு' என்பதை அழுத்தினாள்.

மணி அடித்தது.

இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி, முழுசாக அடித்தது.

சின்ன ஜன்னல் திறந்தது. அதில் முகம் எதுவும் இல்லை. மாடி அறையின் உட்கூரை தெரிந்தது, கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது போல. மூலையில் திரைச்சீலையின் விளிம்பு. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம், இழுத்து இழுத்து.

"டேப் எங்க இருக்கு?" என்றான் தம்பி.

"அலமாரிக்குள்ள. துணிக்கு அடியில. அதுல சார்ஜ் இல்லடா."

வாத்தியாருக்கு அத்தை இறந்தது தெரியாது. உறவில் ஒருவர் தவறிவிட்டார் என்று மட்டும் சொல்லி அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அவருக்கும் அந்த ஜன்னல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் கண்ணுக்கு மட்டும் அதில் வேறென்ன தெரிந்ததோ.

"அம்மா உதட்ட நனைக்கறாங்க பாருங்க, தண்ணி கேக்கறாங்க போல," என்றார். "முதல்ல மேல போய்ப் பாருங்கம்மா. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

இணைப்பைத் துண்டித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இருவரும் உட்கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு தம்பி எழுந்தான். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தான். வேண்டாம்டா என்று அவள் சொன்னதை அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. படிகளில் அவன் காலடி ஏறிப்போனது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலின் ஓரத்தில் அவன் தோள் தெரிந்தது. அவன் பார்வை கட்டிலில் நிற்கவில்லை, அறை முழுவதையும் தேடியது. யாரையும் காணாதவன் போல டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்தில், பார்வைக்குக் கீழே எங்கோ வைத்தான். அப்படியே நின்றான். மூச்சுச் சத்தம் நின்றது. ஏதோ மெல்ல விழுங்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் மூடிக்கொண்டது.

அவன் இறங்கி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. நான் குடிக்கவில்லை என்றான், அவள் கேட்காமலே. கொட்டவும் இல்லை என்றான். அதை மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ போ. அவங்க மணி அடிச்சது எனக்கு இல்ல."

அவள் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. படி ஏற ஏற வாசனை கூடிக்கொண்டே வந்தது. அறைக்கதவு திறந்திருந்தது. போர்வை மடித்தபடியே கால்மாட்டில் இருந்தது. அலமாரி சாத்தியிருந்தது. கட்டிலில் யாரும் இல்லை.

ஆனால் மெத்தையின் நடுவே ஓர் ஆள் படுத்த அளவுக்குப் பள்ளம் இருந்தது. தலையணையும் அமுங்கியிருந்தது.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கதவு அறைந்து சாத்திக்கொள்ளும், கழுத்தை ஏதாவது வந்து பிடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டோம் என்று இறங்கிப் போயிருப்பாள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை.

மெத்தை கிறீச்சென்றது. நடுவில் இருந்த பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு முடியாதவர் கஷ்டப்பட்டுப் புரள்வது போல, சுவர்ப் பக்கமாக நகர்ந்தது. தலையணையின் அமுங்கலும் கூடவே நகர்ந்தது. இந்தப் பக்கம் ஒருவர் உட்காரும் அளவுக்கு மெத்தை நிமிர்ந்து சமமானது.

அவள் உட்கார இடம் விட்டிருந்தார் அத்தை.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் உட்கார்வதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டடி எடுத்து வைத்தாள், கட்டிலைத் தொடக்கூடக் கூசியது. கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். வெளியே மழை விழத் தொடங்கியது. கீழே தம்பி நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் மெத்தை மறுபடி கிறீச்சென்றது.

அவள் தலைக்குப் பக்கத்தில், மெத்தையின் விளிம்பு மெதுவாகத் தாழ்ந்தது.